உள்ளே எடுத்து வைத்த மருந்து

சரக்கு எடுக்கச் சீனாவுக்குப் போகிற மாத்தளை வியாபாரிகள் சிலர், புறப்படுவதற்கு முன் என்னைத் தேடி வருவார்கள். நான் வியாபாரி இல்லை. ஒரே ஒரு முறை, பத்து நாள், குவாங்சோ என்ற பெரிய நகரத்துக்குப் போய் வந்தவன், அவ்வளவுதான். இருந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். அங்கே போய் நான் எப்படி ஏமாந்தேன் என்பது எங்கள் ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏமாறாமல் வந்தவனிடம் கேட்டு என்ன தெரிந்துகொள்ள முடியும்?

நானும் முகம் சுளிக்காமல் சொல்வேன். எயார்போட்டில் கேட்காமலே வந்து பெட்டியைத் தூக்குகிறவனிடம் பெட்டியை விடாதீர்கள். தங்குகிற ஹோட்டலின் பெயரைச் சீன எழுத்தில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வையுங்கள்; நீங்கள் வாயால் சொல்வது அங்கே ஒரு டிரைவருக்கும் விளங்காது, விளங்கினாலும் விளங்காத மாதிரி நகரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுபோவான். சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, இங்கிலீஷ் பேசிப் பழக ஆசை, வாருங்கள் தேத்தண்ணீர் குடிப்போம் என்கிற பிள்ளைகளோடு போகாதீர்கள். விரல் அளவுக் கோப்பையில் ஏழெட்டு வகைத் தேயிலையை ஊற்றித் தந்துவிட்டு, கடைசியில் ஒரு பில் கொடுப்பார்கள், தலை சுற்றும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் சீனாவில் போய்த் தேயிலைக்கு ஏமாந்தான் என்றால் அதைவிட மானக்கேடு உண்டா என்று கேட்பேன். அவர்களும் சிரிப்பார்கள்.

இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறோம் என்கிற டூரிஸ்ட் வான் வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். அது கோயிலில் பத்து நிமிஷம் நிற்கும், முத்துக் கடையில் ஒரு மணித்தியாலம் நிற்கும். மியூசியம் என்று போர்டு இருந்து, வாசலில் டிக்கட் இல்லையென்றால் அது கடை. கலண்டரில் பார்த்த ஆற்றையும் உயரமான கட்டடங்களையும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள், பாதி நாள் புகைமூட்டத்தில் எதிர்க்கரையே தெரியாது. இப்படி நான் சொல்லிக்கொண்டே போவேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போவார்கள். என் பெண்சாதியைப் பற்றி மட்டும் அவர்களிடம் ஒன்றும் சொல்வதில்லை. அதை இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், இந்தப் புத்திமதிகளில் ஒன்றைக்கூட நான் சீனாவில் கற்கவில்லை. போவதற்கு முன்பே எல்லாம் தெரியும். பதினாறு வருஷம் நானே அந்தத் தொழில்தான் பார்த்தேன்.

இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. சீகிரியாவில் ஒரு தங்குமிடத்துக்குக் கோப்பை கழுவப் போய், வந்து தங்கியவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் பழகினேன். ஜெர்மன் பாஷையிலும் நாற்பது ஐம்பது சொல் வந்தது. அந்த வாயை நம்பித்தான் மாத்தளை தம்புள்ளை ரோட்டில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஏலம், கராம்பு, கறுவா, சாதிக்காய், வனிலா என்று வகைக்கு நாலு செடி முன்னால் இருக்கும். பின்னால் ஒரு பெரிய கடை இருக்கும். கண்டிக்குப் போகிற டூரிஸ்ட் வான்கள் எல்லாம் அங்கே நிற்கும். ஏன் நிற்கிறது என்பது டிரைவருக்கும் முதலாளிக்கும் தெரியும், வானுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியாது.

எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டுக் கொடுத்தார்கள். அதைப் போட்ட அன்றிலிருந்து நான் டொக்டர். வந்து இறங்கியதும் மூலிகைத் தேத்தண்ணீர், காசில்லை. பிறகு செடிகளைக் காட்டிக்கொண்டே ஒருவருடைய காலில் ஒரு களிம்பைப் பூசிவிடுவேன். பத்து நிமிஷம் கதை சொல்லிவிட்டுத் துணியால் துடைத்தால், முடி மொத்தமும் துணியோடு வந்துவிடும். அவர் வாயைப் பிளந்து நிற்கிற நேரம் பார்த்து, இன்னொருவன் வந்து அவருடைய தோளைப் பிடித்துவிடுவான். மூட்டுவலிக்குச் சிவப்பு எண்ணெய், தூக்கத்துக்குப் பச்சை எண்ணெய். இரண்டும் ஒரே அண்டாவில் காய்ச்சியதுதான், சாயம்தான் வேறு. விலையை மட்டும் கடைசிவரை வாயில் எடுக்கக் கூடாது. அது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இல்லை. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள், எனக்கும் அடுப்பு எரிந்தது. வீட்டில் என் பெண்சாதி மட்டும் விடமாட்டாள். நான் வேலை முடிந்து வாசலுக்கு வந்தால், "டொக்டரு வந்துட்டாரு, எல்லாரும் ஊசி போட்டுக்கிட்டு போங்க" என்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம் போடுவாள். டவுனில் ஒரு சரக்குக் கடையில் கராம்பு துப்புரவு செய்கிற வேலை அவளுக்கு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான். அந்த வீட்டில் அவளுடைய கேலியைத் தவிர வேறு சத்தம் பெரிதாக இருந்ததில்லை.

யுத்தம் மறுபடி தொடங்கி, டூரிஸ்ட் வருவது குறைந்து, ஒரு நாளைக்கு ஒரு வான் வந்தாலே பெரிது என்றிருந்த காலத்தில் அவளுக்கு வயிறு வலிக்கத் தொடங்கியது. முதலில் வாய்வு என்றோம். ஓமத் தண்ணீர் குடித்தாள், சீரகம் குடித்தாள். உடம்பு இறங்கிக்கொண்டே போனபோது கண்டிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பல கிழமை அலைந்த பிறகு ஒரு டொக்டர், உண்மையான டொக்டர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டது. வெட்டுவதில் பயனில்லை. சில மாதங்கள் இருப்பார். வலி இல்லாமல் வைத்திருக்க முடியும், அதை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். ஒரு போத்தலில் மருந்துத் தண்ணீர் தந்து, பயப்படாமல் கொடுங்கள், தீர்ந்தால் வந்து வாங்குங்கள் என்றார்.

அந்த மருந்து நன்றாகவே வேலை செய்தது. இதை நான் எழுதியே ஆக வேண்டும். அதைக் குடித்த நாட்களில் அவள் எழும்பி நடந்தாள். சோறு வடித்தாள். பழையபடி என்னைக் கேலி செய்தாள். டொக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் அது போதவில்லை. வலி இல்லாமல் சாகிறதற்கு ஒரு மருந்தா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிழைக்க வைக்கிற மருந்து எங்கேயோ இருக்கிறது, அதை நமக்குத் தராமல் வைத்திருக்கிறார்கள் என்று மனதில் ஒரு பேய் புகுந்துகொண்டது.

அந்த நேரத்தில்தான் டவுனில் பை, குடை, விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு முஸ்லிம் வியாபாரி என்னைக் கூப்பிட்டார். அண்ணன் என்கிற மாதிரி, நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருடன் வழக்கமாகச் சீனாவுக்குப் போகிறவருக்கு அந்த முறை போக முடியவில்லை.

"எனக்கு இங்கிலீஸ் வராதே தம்பி. நீங்க வந்தா பெரிய ஒதவி. டிக்கட், சாப்பாடு எல்லாம் எண்ட பொறுப்பு. பத்தே நாள்" என்றார்.

சீனா என்றதும் எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. ஆயிரம் வருஷத்து வைத்தியம் இருக்கிற நாடு. கார்டனுக்கு வருகிறவர்களிடம் எங்கள் மூலிகையைப் பற்றி நான் சொல்கிற அதே வசனம்தான் அது, ஆயிரம் வருஷத்து வைத்தியம். என் வாயில் பொய்யாக வந்த வசனம் மனதில் உண்மையாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

அவளிடம் சொன்னபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போகாதீங்க" என்றாள்.

"மருந்து கொண்டாரத்தானே போறேன்."

"மருந்துதான் இருக்குதே. வலி இல்லாமத்தானே இருக்கேன். நீங்க வீட்டுல இருங்க."

"பத்து நாள் புள்ள. கண்ண மூடி முழிக்கிறதுக்குள்ள வந்துருவேன்."

அவள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய தங்கையை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு நான் புறப்பட்டேன்.

கட்டுநாயக்கா எயார்போட் வாசலில் ஆமிக்காரர்கள் என் அடையாள அட்டையில் இருந்த தோட்டத்து முகவரியைப் பார்த்துவிட்டு, தமிழன் என்று ஒரு மணித்தியாலம் இறக்கி நிறுத்திவைத்தார்கள். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், ஏன் போகிறாய். நானா சிங்களத்தில் கெஞ்சி, தன் கடை முகவரி எழுதிய பில் புத்தகத்தை எல்லாம் காட்டிக் கூட்டிக்கொண்டு போனார். மருந்து வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதை அந்த ஆமிப் பொடியன் நம்பினானா தெரியவில்லை. போ என்று கையை அசைத்தான்.

குவாங்சோவில் முதல் ஒரு கிழமை நான் ராஜா. நானாவின் காசில் ஒரு சதம் ஏமாற்ற யாரையும் விடவில்லை. மாடி மாடியாக அடுக்கிய சந்தைகளில் காட்டுகிற மாதிரிச் சாமான் ஒன்று, பெட்டியில் கட்டுகிற சாமான் வேறொன்று என்பதைக் கண்டுபிடித்து, பெட்டியை எங்கள் கண்முன்னாலேயே கட்ட வைத்தேன். ஹோட்டல்காரன் எங்களை ஒரு வானில் ஏற்றப் பார்த்தான், நான் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டேன். ஆற்றங்கரையில் இரண்டு பெண்பிள்ளைகள் தேத்தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் வாருங்கள், நான் வாங்கித் தருகிறேன் என்றேன். நானா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஒங்கள ஏமாத்த ஏலாது தம்பி. நீங்க அவனுகளுக்கே பாடம் எடுப்பீங்க" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நகரத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். எழுத்து வேறு, முகம் வேறு, தொழில் எங்களுடையதுதான். டிரைவர் கடைவாசல் காவல்காரனுக்குக் கண் காட்டுகிற விதம்கூட எங்கள் மாத்தளை டிரைவர்களைப் போலவே இருந்தது.

இடையில் இரண்டு முறை ஃபோன் எடுத்தேன். இரண்டு முறையும் "நல்லா இருக்கேன்" என்றாள். "எப்ப வாறீங்க" என்றாள். மருந்து கிடைத்ததா என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அதை நான் அப்போது யோசிக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை நானா ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். அங்கேயே சாப்பிட்டு ஆறுதலாக, பின்னேரம்போல வருவேன் என்றார். நான் ஹோட்டல் மேசையில் நின்ற பெண்ணிடம் போய், வயிற்றில் கட்டிக்கு மருந்து தருகிற நல்ல சீன வைத்தியர் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அவள் யோசிக்கவேயில்லை, உடனே ஒரு டிரைவரைக் கூப்பிட்டாள். அந்த ஒரு நொடியிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது. இருந்தும் ஏறினேன்.

கொண்டுபோய் இறக்கிய இடத்தில் முன்னால் பெரிய கண்ணாடிக் கதவு. வாசலில் டிக்கட் இல்லை. உள்ளே போனதும் கோப்பையில் தேத்தண்ணீர் வந்தது, காசில்லை. சுவரில் வெளிநாட்டுக்காரர்களோடு எடுத்த ஃபோட்டோக்கள். கண்ணாடி அலுமாரிகளில் வேரும் பட்டையும் காய்ந்த பல்லியும். இங்கிலீஷ் பேசுகிற ஒரு பெண் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். எதற்கும் விலை சொல்லவில்லை. பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு கிழவர் வந்து, என் கையை எடுத்து நாடி பார்த்தார். எனக்குச் சிறுநீரகம் பலவீனம் என்று அந்தப் பெண் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பர்ஸில் என் ஃபோட்டோ ஒன்று எப்போதும் இருக்கும், கார்டன் வாசலில் வெள்ளைக் கோட்டோடு டூரிஸ்ட்களுக்கு நடுவில் நிற்கிறது. அதை எடுத்து மேசையில் வைத்தேன். நானும் இந்தத் தொழில்தான் என்றேன். அந்தப் பெண் ஃபோட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிழவரிடம் சொன்னாள். அவரும் சிரித்தார். மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த இடத்தில் எழும்பி வந்திருந்தால் நான் ஏமாறாதவன். ஆனால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. வெளியே இருப்பது வருகிறவர்களுக்கு, உள்ளே இருப்பது வீட்டுக்கு. எங்கள் முதலாளி தன் வீட்டுக்கென்று ஒரு எண்ணெய் உண்மையாகவே காய்ச்சி ஸ்டோருக்குள் வைத்திருந்தார். அது கடைக்கு வராது, சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான். அப்படி ஒன்று இங்கேயும் உள்ளே இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. தொழில் தெரியாதவன் அலுமாரியில் இருப்பதை வாங்கிக்கொண்டு போவான். நான் தொழில்காரன்.

அந்தப் பெண்ணிடம் என் பெண்சாதியைப் பற்றிச் சொன்னேன். கண்டி டொக்டர் சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், அது நடிப்பு இல்லை. இந்த அலுமாரி எனக்கு வேண்டாம், இந்தப் பெரியவருடைய வீட்டுக்காரிக்கு இந்த வருத்தம் வந்தால் எதைக் கொடுப்பாரோ அதைக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரிடம் நீளமாக ஏதோ பேசினாள். கிழவர் மேசையில் இருந்த ஃபோட்டோவை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு எழும்பி உள்ளே போனார்.

எங்கள் கார்டனுக்கு ஒரு முறை வயதான ஜெர்மன் அம்மா ஒருவர் வந்தார். நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, இந்தக் கடைச் சாமான் எனக்கு வேண்டாம், என் கணவருக்குக் கை நடுங்குகிறது, உன் வீட்டில் பாவிக்கிறதைக் கொடு என்றார். நான் ஸ்டோருக்குள் போனேன். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். கடையில் இருக்கிற அதே எண்ணெயை லேபல் இல்லாத போத்தலில் ஊற்றி, பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். முதலாளியின் எண்ணெயைத் தொடவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

இது அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை என்று எழுதிவிட்டால் எனக்குச் சுகம். வந்தது. கிழவர் உள்ளே போய் வெளியே வருவதற்குள் முழுவதும் ஞாபகம் வந்தது, அந்த அம்மாவின் கைச்சூடுகூட. நான் கெட்டவன், இவர் அப்படி இருக்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு என்ன சொல்ல? வெறுங்கையோடு போய் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மண்ணிறக் காகிதத்தில் சுற்றிய பொட்டலங்கள் வந்தன. லேபல் இல்லை. ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். இஞ்சி தெரிந்தது, அதிமதுரம் தெரிந்தது, இரண்டும் எந்தக் கஷாயத்திலும் இருக்கிறதுதான். அவற்றோடு கன்னங்கரேலென்று, தோல் சுருங்கிய ஒரு காய். அதை நான் பார்த்ததேயில்லை. மலையின் உச்சியில் எங்கேயோ காய்க்கிறது, அதுதான் கட்டியைக் கரைக்கும் என்றாள். கையில் இருந்ததை எல்லாம் கொடுத்தேன். மண்சட்டியில் இரண்டு மணித்தியாலம் காய்ச்ச வேண்டும், நாளைக்கு மூன்று வேளை, பதினைந்து நாள். குடிக்கிற நாட்களில் இங்கிலீஷ் மருந்து ஒன்றும் சேரக் கூடாது, சேர்ந்தால் பலன் இல்லை. சேரக் கூடாது என்பதை அவள் இரண்டு முறை சொன்னாள். நானும் எங்கள் எண்ணெய்க்கு அப்படித்தான் சொல்வேன். குணமாகவில்லை என்று யாராவது திரும்பி வந்தால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

நானாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. விமானத்தில் பொட்டலங்களை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பத்து நாளில் அவள் பாதியாகியிருந்தாள். அவளுடைய தங்கை என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு, "அக்கா ஒவ்வொரு நாளும் இன்னிக்கு எத்தனாவது நாள்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு மச்சான்" என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதுச் சட்டி எங்கே வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிப் போத்தலை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

கார்டனுக்கு லீவு சொன்னேன். டூரிஸ்ட் இல்லாத காலம், முதலாளிக்கும் வசதி. காலை, பகல், பின்னேரம் என்று மூன்று வேளையும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, தண்ணீர் குறையாமலும் பொங்காமலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் பாயை இழுத்துக்கொண்டு வந்து அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். அந்த நாட்களில் அவள் நிறையப் பேசினாள். கல்யாணம் முடிந்த புதிதில் நான் சீகிரியாவில் இருந்து கொண்டுவந்த வெள்ளைக்காரச் சவர்க்காரத்தைப் பற்றி, டவுன் தேருக்குப் போய்த் தொலைந்துபோன செருப்பைப் பற்றி, ஒன்றுமில்லாத விஷயங்களைப் பற்றியெல்லாம் பேசினாள். இவ்வளவு பேசுகிறாளே, மருந்து பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அப்படியே சொன்னேன்.

வலி மூன்றாம் நாளே வந்துவிட்டது. முதலில் பேச்சை நடுவில் நிறுத்துவாள், மூச்சை அடக்குவாள், பிறகு விட்ட இடத்தில் இருந்து தொடர்வாள். ஆறாம் நாள் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடிக்கத் தொடங்கினாள். தங்கை அலுமாரியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க புள்ள" என்று என் பெண்சாதியிடம் சொல்வேன். அவளும் தலையாட்டுவாள். கோப்பையை நீட்டினால் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காலிக் கோப்பையைக் காட்டுவாள். ஒரு வேளைகூட மறுக்கவில்லை. இந்தக் கையால்தான் கொடுத்தேன். கண்டி டொக்டர் இதை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள் என்று சொன்ன ஒன்றைத்தான் நான் செய்யவில்லை.

பதினோராம் நாள் பகல், நான் சட்டியை இறக்கி வடித்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் இருந்து சரிந்து பாயில் சுருண்டுவிட்டாள். அவள் வாயில் இருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. தங்கை ஓடி வந்தாள்.

"அந்த போத்தல எடுங்க" என்றாள் என் பெண்சாதி.

"இன்னும் நாலே நாள் புள்ள. கலந்தா மருந்து கெட்டுப் போயிரும்னு சொல்லியிருக்காங்க."

"கெட்டுப் போறதுக்கு அதுல ஒன்னும் இல்லங்க." மூச்சு வாங்கினாள். "அது எலந்தங்காய்."

எனக்கு விளங்கவில்லை. அவள் கையை நீட்டி, நான் வடித்துக் கொட்டியிருந்த சக்கையில் ஒரு கறுப்புக் காயை எடுத்து விரலால் நசுக்கினாள். உள்ளே கொட்டை தெரிந்தது.

"கலேவெல பக்கம் ரோட்டோரமா காய்க்கிறதுதான். இது கொஞ்சம் பெருசு, பொகயில போட்டு காய வச்சிருக்காங்க. தோட்டத்துல சாப்பாடு இல்லாத காலத்துல அப்பா எங்கள அங்கதானே கூட்டிக்கிட்டு போனாரு. நானும் தங்கச்சியும் இத பொறுக்கி தின்னுத்தான் கெடந்தோம்."

தங்கை குனிந்து பார்த்தாள். சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எப்ப தெரியும் ஒனக்கு?" என்று என் பெண்சாதியைக் கேட்டேன்.

"மொத நாளே."

"தெரிஞ்சுக்கிட்டா குடிச்ச? இந்த வலியோட ஏன் புள்ள கெடந்த? ஏன் சொல்லல?"

அடுத்த வலி வந்து போகும்வரை அவளால் பேச முடியவில்லை. நான் அவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

"சொன்னா இன்னொரு மருந்து தேடி இன்னொரு ஊருக்கு கெளம்பிருவீங்கன்னுதான்" என்றாள்.

அலுமாரிக்கு மேலே இருந்து போத்தலை எடுத்தேன். தங்கைதான் வாங்கி அளந்து கொடுத்தாள். அரை மணித்தியாலத்தில் என் பெண்சாதியின் நெற்றிச் சுருக்கம் விரிந்தது. பதினோரு நாளில் முதல்முறையாக அசந்து தூங்கினாள். அடுப்பில் இருந்த விறகை இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் கேட்டது மருந்து இல்லை. நான் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். அதற்காக அந்த வலியையும் அந்தக் கஷாயத்தையும் சேர்த்துக் குடித்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். நான் வாசற்படி தாண்டவில்லை. மருந்தின் மயக்கத்தில் தூங்குவாள், விழிப்பாள், கண்ணைத் திறக்காமலே கையால் தடவி, நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியைத் தேடிப் பிடிப்பாள்.

"எங்கயும் போகலதானே?" என்பாள்.

"போகல புள்ள. இங்கதான் இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்பாள். நான் மறுபடியும் சொல்வேன். ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டிருப்பாள். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் பதினாறு வருஷம் நான் சொன்ன பொய்யை எல்லாம் நம்பினார்கள். அவளிடம் சொன்ன இந்த ஒரு உண்மையை அவள் நம்பவில்லை. கடைசி நாளும் கேட்டுவிட்டுத்தான் தூங்கினாள். மூச்சு நின்ற பிறகும் என் சாரத்தைப் பிடித்த பிடி விடவில்லை, தங்கைதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.